கட்டப்படாத இரண்டு நகரங்கள்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் தென்மேற்கே போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வின்ச்ஃபீல்டு வந்துவிடும். இறங்கினால் கடைத்தெரு என்று எதுவும் இல்லை. வயல்கள், ஓக் மரங்கள், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய வேலியோரச் சாலைகள், சற்றுத் தள்ளிப் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, பேசிங்ஸ்டோக் கால்வாய். 1838 செப்டம்பரில் இந்த நிலையத்தைத் திறந்தபோது அதன் பெயர் ஷேப்லி ஹீத். லண்டனிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தண்டவாளம் அப்போது இங்கேயே முடிந்தது. மேற்கே போகிறவர்கள் இறங்கிக் குதிரை வண்டி பிடித்தார்கள். 1840-இல் பாதை சவுத்தாம்ப்டன் வரை நீண்டது. நிலையத்தின் பெயரும் வின்ச்ஃபீல்டு என்று மாறியது. ரயில் வந்த ஊரெல்லாம் நகரமான காலத்தில் இந்த ஊர் மட்டும் ஊராகவே இருந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுநூறு பேர்கூட இல்லை.

ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய பெயர் அரசுக் கோப்பு ஒன்றில் திரும்பி வந்தது. ‘ஷேப்லி ஹீத் தோட்ட கிராமம்’ என்ற புதிய குடியிருப்பு, 5,000 வீடுகள் வரை. வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று வைத்தால் 12,500 பேர் ஆகிறது. எழுநூறு பேர் வாழும் இடத்தில் இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் ‘கிராமம்’ என்று பெயர் சூட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த நகரம் கட்டப்படவில்லை. வின்ச்ஃபீல்டு இருக்கும் ஹாம்ப்ஷயரின் ஹார்ட் மாவட்டத்திலேயே, அதற்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள், எவர்ஸ்லி என்ற ஊரை ஒட்டி 1989-இல் வரவிருந்த 4,800 வீட்டு நகரமும் கட்டப்படவில்லை. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வட்டாரம் இரண்டு முறை வென்றிருக்கிறது. இரண்டு வெற்றிகளும் வந்த வழி வேறு வேறு. அந்த வேறுபாட்டுக்காகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் என் அம்மாவின் ஊரில் ஏரிப்பாசன நிலத்தில் ஒரு தை மாதம் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் முளைத்தன. கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கையெழுத்து வாங்கினோம். அந்தத் தாளை யாரிடம் கொடுத்தால் அதற்கு மதிப்பு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஹார்ட் மக்களின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது அந்தத் தெரியாமைதான்.

கொடும்பாவி எரிந்த கோடை

இங்கிலாந்தில் நிலம் உங்களுடையது என்பதாலேயே அதில் வீடு கட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1947-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது முதல், கட்டும் உரிமை பொதுவின் கையில் இருக்கிறது. திட்ட அனுமதி வேண்டும். கேட்க வேண்டிய இடம் மாவட்ட மன்றம். மன்றம் மறுத்தால் கட்டுநர் மேல்முறையீடு செய்யலாம். மத்திய அரசு அனுப்பும் திட்ட ஆய்வாளர் விசாரிப்பார். பெரிய வழக்கென்றால் அமைச்சரே முடிவெடுப்பார். மன்றம் அனுமதித்துவிட்டால் ஊர்க்காரர்களுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கும் சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள். தராசு ஒரு பக்கம் சாய்ந்தே தொங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் இருக்கிறது, அதற்குள் கட்ட முடியாது என்று பலரும் நினைப்பார்கள். ஹார்ட் மாவட்டத்தில் அந்த வளையம் ஓர் அங்குலம்கூட இல்லை. எம்3 நெடுஞ்சாலை, லண்டன் ரயில், பசுமையான வயல், வளையத்தின் காவல் இல்லாத நிலம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் கட்டுநர்களின் கண் அங்கே விழாமல் இருக்குமா?

1983-இல் பிரிட்டனின் பெரிய வீடுகட்டும் நிறுவனங்கள் பல சேர்ந்து ‘கன்சார்ட்டியம் டெவலப்மென்ட்ஸ்’ என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. ஊருக்கு ஊர் இருபது, ஐம்பது வீடுகளுக்கு மன்றங்களோடு மல்லுக்கட்டுவதைவிட, தென்கிழக்கு இங்கிலாந்தில் சில முழு நகரங்களையே புதிதாக எழுப்புவது அவர்கள் எண்ணம். எசெக்ஸில் டில்லிங்ஹாம் ஹால் என்ற இடத்தில் 5,100 வீடுகள் கேட்டார்கள், 1987-இல் மறுக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டோன் பாசெட் என்று 6,000 வீடுகள் கேட்டார்கள். ஹாம்ப்ஷயரில் எவர்ஸ்லிக்கு அருகே கேட்ட நகரத்தின் பெயர் ஃபாக்ஸ்லி வுட்.

அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி. சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்பதில் தாட்சர் அமைச்சரவையிலேயே மிகத் தீவிரமானவர். ‘என் கொல்லையில் வேண்டாம்’ என்ற பொருளில் ‘நிம்பி’ என்ற சொல்லை பிரிட்டனில் எல்லோர் வாயிலும் புழங்கவைத்தவரும் அவர்தான். 1988-இல், குளோஸ்டர்ஷயரில் தம் சொந்த வீட்டுக்குப் பக்கத்தில் வரவிருந்த வீடுகளை அவரே எதிர்த்திருந்தது வெளியே வந்தது. ஹாம்ப்ஷயர் மக்கள் அதை மறக்கவில்லை.

1989 ஜூலையில் ஃபாக்ஸ்லி வுட்டை அனுமதிக்கும் எண்ணம் தமக்கு இருப்பதாக ரிட்லி தெரிவித்தார். வட்டாரம் கொதித்தது. அவருடைய கொடும்பாவியைக் கட்டி எரித்தார்கள். மழை பொய்த்தால் கொடும்பாவி இழுக்கும் நம் ஊர்களைப் போலவே இங்கிலாந்துக் கிராமங்களுக்கும் உருவம் எரிக்கும் பழக்கம் உண்டு. அது நவம்பர் மாதத்துச் சடங்கு. ஜூலையில் எரித்தார்கள் என்றால் அது வேறு செய்தி. எரித்தவர்கள் தொழிற்சங்கத்தாரோ மாணவர்களோ அல்லர். அந்த மாவட்டம் அமைச்சரின் சொந்தக் கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக வாக்களித்த மாவட்டம்.

அந்த ஆண்டு ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி ஏறத்தாழ 15 சதவீத வாக்குகளைப் பெற்றிருந்தது. ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் வயல்வெளியை நேசிக்கும் பழமைவாத வாக்காளர்கள் எங்கே போகக்கூடும் என்பதை அந்த எண் காட்டிவிட்டது. ஜூலை இறுதியில் ரிட்லி வேறு துறைக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த கிறிஸ் பேட்டன் அக்டோபரில் முடிவைத் திருப்பினார்: ஃபாக்ஸ்லி வுட் வேண்டாம்.

இதை மக்களின் கோபம் மட்டுமே பெற்றுத்தந்த வெற்றி என்று எழுதிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். அது முழு உண்மை ஆகாது. அதே அக்டோபரில் பிரிட்டனின் வங்கி வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. ஒன்றரை ஆண்டுக்கு முன் அது அதில் பாதிதான். வீட்டுச் சந்தை சரிந்துகொண்டிருந்தது. புது நகரம் கட்ட அவசரப்பட்டவர்களுக்கே அவசரம் குறைந்திருந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் கேட்ட நகரங்களில் ஒன்றுகூட எழவில்லை.

எவர்ஸ்லிப் பக்கத்து பிரம்ஷில் காடு இன்று தேம்ஸ் படுகைப் புதர்க்காடுகள் என்ற சிறப்புப் பறவைக் காப்பிடத்தின் ஒரு பகுதி. தரையில் கூடு கட்டும் பக்கிக்குருவிக்காகவும் வேறு இரண்டு சிறு பறவைகளுக்காகவும் 2005-இல் அறிவிக்கப்பட்டது. இந்தக் காப்பிடத்திலிருந்து 400 மீட்டருக்குள் புதிதாக வீடே கூடாது. ஐந்து கிலோமீட்டருக்குள் கட்டுவதென்றால், குடிவரும் ஒவ்வோர் ஆயிரம் பேருக்கும் எட்டு ஹெக்டேர் மாற்றுப் பசுமை நிலம் ஒதுக்க வேண்டும். நாயோடு நடக்கிறவர்கள் குருவிக் கூட்டை மிதிக்காமல் வேறெங்காவது போக இடம் வேண்டுமல்லவா? 1989-இல் கொடும்பாவி எரித்தவர்கள் யாரும் இந்த விதியை மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை. தாமதித்ததனால் கிடைத்த காவல் அது.

காகிதம் பழசானால்

ஃபாக்ஸ்லி வுட் போன்ற சண்டைகள் விட்டுச்சென்ற நல்ல விளைவு 1991-இல் வந்தது. அந்த ஆண்டுத் திட்டமிடல், இழப்பீட்டுச் சட்டம் பழைய சட்டத்துக்குள் 54-ஏ என்ற ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது. வளர்ச்சித் திட்டம் ஒன்று இருந்தால், வேறு வலுவான காரணம் இல்லாதவரை முடிவு அதன்படியே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமைச்சரின் மனநிலைக்குப் பதிலாக எழுதிவைத்த திட்டம் பேசும்.

நல்ல விதிதான். ஆனால் திட்டம் பழசாகிவிட்டால்?

2012-இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம், ஆயிரம் பக்கத்துக்கும் மேலான பழைய வழிகாட்டல்களைச் சுமார் ஐம்பது பக்கத்தில் சுருக்கியது. அதன் 49-ஆம் பத்தி ஒரு மாவட்டத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடியதாக இருந்தது. அடுத்த ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீடுகளுக்கு நிலம் தயாராக இருக்கிறது என்று மன்றம் கணக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அதன் வீட்டுக் கொள்கைகள் காலாவதியானவையாகக் கொள்ளப்படும். அப்போது தராசு அனுமதிக்கும் பக்கம் சாயும். வீடுகளால் வரும் நன்மையை மிகத் தெளிவாக விஞ்சும் தீமை இருந்தால்தான் மறுக்கலாம். கட்டுநர்களின் வழக்கறிஞர்கள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வயலைப் பற்றிய விசாரணை, அந்த வயலில் எத்தனை வானம்பாடிகள் என்பதைவிட, மாவட்டத்தில் ஐந்தாண்டு நிலம் இருக்கிறதா அல்லது 4.8 ஆண்டு நிலம்தானா என்று தசமப்புள்ளியைப் பிடித்து மூன்று நாள் ஓடும்.

இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சஃபோக்கில் யாக்ஸ்ஃபோர்டு என்ற கிராமத்தில் 26 வீடுகள், செஷயரில் வில்லாஸ்டன் என்ற கிராமத்தில் 146 வீடுகள். இரண்டையும் சேர்த்து 2017 மே 10 அன்று தீர்ப்பு வந்தது. எந்தெந்தக் கொள்கை காலாவதியாகும் என்ற கேள்வியில் நீதிபதிகள் குறுகிய பொருளை எடுத்தார்கள். மாவட்ட மன்றங்கள் வேண்டியதும் அதுதான். ஆனால் ஐந்தாண்டு நிலம் இல்லை என்றாலே தராசு சாய்ந்துவிடும் என்று ஆகிவிட்டதால் கடைசியில் மேல்முறையீட்டில் தோற்றதும் மன்றங்கள்தாம். சொல்லின் பொருளில் வென்று வயலை இழப்பது எப்படிப்பட்டது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

ஹார்ட் இந்தக் காலத்தில் மிக மோசமான நிலையில் இருந்தது. கையில் இருந்தது 1996 முதல் 2006 வரைக்கான பழைய திட்டம். புதிதாகத் தயாரித்ததை 2013-இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அண்டை மன்றங்களோடு ஒத்துழைக்கும் சட்டக் கடமையை நிறைவேற்றவில்லை என்று ஆய்வாளர் கண்டதே காரணம். திட்டமில்லாத அந்த ஆண்டுகளில் கட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? வின்ச்ஃபீல்டுக்கு அடுத்த ஹூக் என்ற ஊரின் ஓரத்தில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது.

இந்த நிலையில் ஊர்கள் அனுப்பும் எதிர்ப்புக் கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், என் வீட்டின் விலை குறையும் என்று எழுதினால் சட்டம் அதைக் காதில் வாங்காது. அனுப்பியவர்கள் ஐந்நூறு பேரா ஐயாயிரம் பேரா என்பதற்கும் தனி மதிப்பில்லை. சாலைச் சந்திப்பு தாங்குமா, கழிவுநீர்க் குழாய்க்குக் கொள்ளளவு இருக்கிறதா, வெள்ளம் எங்கே தேங்கும், பழங்காடு எவ்வளவு போகும், பள்ளியில் இடம் உண்டா என்பவையே கணக்கில் வரும். ஊரே திரண்டு வெள்ளக்காடாகக் கடிதம் அனுப்பியும் தோற்ற ஊர்கள் இங்கிலாந்தில் ஏராளம். அந்தக் கடிதங்களில் இருந்த வேதனை உண்மையானது. அது சரியான வாசலைத் தட்டவில்லை.

வின்ச்ஃபீல்டு

2014-இல் ஹார்ட் மாவட்ட மன்றம், வரப்போகும் வீடுகளில் பெரும்பகுதியை வின்ச்ஃபீல்டில் ஒரு புதிய குடியிருப்பாகக் கட்டலாமா என்று சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தது. இதன் நியாயத்தை நேர்மையாகச் சொல்வதென்றால், அதில் வலு இருந்தது. ஃப்ளீட், ஹூக், யேட்லி போன்ற ஊர்களின் ஓரங்களில் நூறு நூறாக ஒட்டவைக்கும் வீடுகளுக்குப் பள்ளி வராது, மருத்துவர் வரமாட்டார், சாலையும் அகலாது. ஒரே இடத்தில் ஐயாயிரம் என்றால் புதிய மேல்நிலைப் பள்ளியைக் கட்டுநரிடமே கேட்டு வாங்கலாம். ரயில் நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஊர்களில் பலர் இதை ஆதரித்தார்கள். தங்கள் பாரம் இறங்கும் என்று நம்பினார்கள்.

ஆகவே இது கட்டுநருக்கும் கிராமத்துக்கும் இடையே நடந்த எளிய சண்டையாக இருக்கவில்லை. ஊருக்கும் ஊருக்கும் நடந்த சண்டை. எழுநூறு பேரின் ஊர் ஒரு பக்கம், பல்லாயிரம் பேர் வாழும் ஊர்கள் மறுபக்கம். எண்ணிக்கையில் வின்ச்ஃபீல்டு ஒருபோதும் வெல்ல முடியாது. இதை அவர்கள் சீக்கிரமே உணர்ந்துகொண்டதுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

அவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். முதலாவது, 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தித் தங்களுக்கென ஓர் ஊர்த் திட்டம் எழுதினார்கள். 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஊர்த் திட்டம் என்பது பாரிஷ் மன்றம் என்ற ஊர் அளவிலான உள்ளாட்சி முன்னின்று எழுதி, வெளி ஆய்வாளர் சரிபார்த்து, ஊர்க்காரர்கள் வாக்களித்து ஏற்கும் ஆவணம். ஏற்கப்பட்டதும் சட்ட வலு பெறும். நம் கிராம சபைத் தீர்மானத்துக்கு இல்லாத பல் அதற்கு உண்டு. ஆனாலும் மாவட்டத் திட்டத்தின் பெரிய முடிவுகளுக்கு மாறாக அது போக முடியாது. மாவட்டம் ‘இங்கே நகரம்’ என்று எழுதிவிட்டால் ஊர்த் திட்டத்தால் அதைத் தடுக்க இயலாது. ஆகவே அது மட்டும் போதவில்லை.

இரண்டாவது வேலைதான் முக்கியம். மாவட்டத் திட்டம் இன்னும் வரைவாக இருக்கும்போதே அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அறுத்துப் போடும் நிலம், நீர் தேங்கும் தாழ்வுகள், பழங்காடுகள், பெரிய வண்டிகள் எதிரெதிரே வர முடியாத சாலைகள் ஆகிய எல்லாவற்றையும் வரைபடத்தோடு வைத்தார்கள். அதோடு நிற்காமல், மாவட்டம் முழுவதிலும் இயங்கிய எதிர்ப்பாளர்கள், வீடுகள் வேறெங்கே போகலாம் என்றும் காட்டினார்கள். கைவிடப்பட்ட அலுவலக வளாகங்கள், பழைய தொழில் நிலங்கள் ஆகியவற்றின் பட்டியலே அவர்களுடைய கூர்மையான வாதமாக இருந்தது.

அவற்றில் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. ஃப்ளீட் நகரின் விளிம்பில் பைஸ்டாக் என்ற காட்டுக்குள் தேசிய எரிவாயுச் சுழலி ஆய்வு நிலையம் இருந்தது. கான்கார்டு விமானத்தின் எஞ்சின்கள் உயரப் பறக்கும் நிலையில் எப்படி இயங்கும் என்று அங்கேதான் மாபெரும் இரும்பு அறைகளுக்குள் வைத்துச் சோதித்தார்கள். 2000-இல் நிலையம் மூடப்பட்டது. அதன்பின் பிரம்மாண்டமான நீலக் குழாய்களும் உடைந்த கூடங்களுமாகப் பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. ஏற்கெனவே கான்கிரீட் மூடிய நிலம் அது. வயலைத் தொட வேண்டாம். இன்று அங்கே ஹார்ட்லண்ட் என்ற பெயரில் 1,500 வீடுகள் எழுந்துகொண்டிருக்கின்றன. ‘வேண்டாம்’ என்பவர்களிடம் ‘பிறகு எங்கே?’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஹார்ட் மக்களிடம் அந்த இடம் இருந்தது.

2018-இல் மன்றம் தன் திட்டத்தை ஆய்வுக்கு அனுப்பியது. மர்ரெல் கிரீனிலிருந்து வின்ச்ஃபீல்டு வரையிலான பரப்பில் புதிய குடியிருப்புக்கு இடம் தேடலாம் என்ற கொள்கை அதில் எஸ்.எஸ்.3 என்ற எண்ணோடு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் விசாரணை நடந்தது. இத்தகைய விசாரணையில் ஊர்க்காரரும் கட்டுநரின் வழக்கறிஞரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆய்வாளரின் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். கூச்சல் கிடையாது, பதாகை கிடையாது. இரண்டாம் அட்டவணையின் நான்காம் வரிசையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்பதுதான் பேச்சு.

2019 பிப்ரவரியில் ஆய்வாளரின் கடிதம் வந்தது. எஸ்.எஸ்.3 நிலைக்காது, நீக்க வேண்டும். மாற்று வழிகளை ஒரே அளவுகோலால் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை. இந்த இடத்தில் இது நிறைவேறும் என்பதற்கும் ஆதாரம் போதாது. திட்டக் காலத்தின் தேவைக்கு இந்தக் குடியிருப்பு அவசியமும் இல்லை. வின்ச்ஃபீல்டு அழகானது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மன்றத்தின் கணக்கு முழுமையாக இல்லை என்று அவர் கண்டார்; ஆண்டுக்கணக்கில் ஊர்க்காரர்கள் சொல்லிவந்ததும் அதுவே.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே 2019 ஜூனில் மத்திய அரசு நாடெங்கும் 19 தோட்ட கிராமங்களை அறிவித்து, அவற்றுக்கு 28.5 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் ஷேப்லி ஹீத் இருந்தது. ஒரு ஆய்வாளர் ஆதாரம் போதாது என்று நீக்கச் சொன்ன நான்கே மாதத்தில், அதே நிலத்துக்கு அதே அரசு பணம் கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஊர்க்காரர்கள் விதிப்படி விளையாடி வென்ற ஆட்டத்தை, விதியை எழுதியவர்களே பக்கவாட்டுக் கதவு வழியாக மறுபடி தொடங்கினார்கள்.

2020 ஏப்ரல் 30 அன்று ஹார்ட் தன் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2014 முதல் 2032 வரை குறைந்தது 7,614 வீடுகள், ஆண்டுக்குச் சராசரி 423. புதிய நகரம் அதில் இல்லை. திட்டம் ஒன்று உயிரோடு இருந்ததால் ஐந்தாண்டுக் கணக்கும் தேறியது. கட்டுநர்கள் நினைத்த இடத்தில் நுழைய முடியவில்லை. 2021 இலையுதிர் காலத்தில், மேற்கொண்டு அரசுப் பணம் வராத நிலையில், மன்றம் ஷேப்லி ஹீத் வேலையை நிறுத்திக்கொண்டது.

வீடில்லாதவர்களின் பக்கம்

இந்த இரு வெற்றிகளையும் கொண்டாடுகிறவன் நான் என்றாலும், ஒரு கேள்வியைத் தாண்டிப் போக மனம் ஒப்பவில்லை. ஹார்ட் பிரிட்டனில் வாழச் சிறந்த இடம் என்று ஒரு வங்கியின் ஆய்வில் பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற மாவட்டம். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அங்கேயே வீடு வாங்க முடியாது. பள்ளி உதவியாளரும் முதியோர் இல்லப் பணியாளரும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். எதிர்ப்புக் கூட்டங்களில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வீடு உள்ளவர்கள். வரப்போகும் வீட்டில் குடியிருக்கப்போகிறவருக்கு அந்தக் கூடத்தில் நாற்காலி இல்லை. ‘நிம்பி’ என்ற வசைச்சொல் ஒட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். பைஸ்டாக்கைக் காட்ட முடிந்ததால் ஹார்ட் மக்கள் அதிலிருந்து தப்பினார்கள். காட்டுவதற்கு அப்படியோர் இடம் இல்லாத ஊர், சிறு எண்ணிக்கையில் வாடகை வீடுகளுக்காவது தன் ஓரத்தில் இடம் ஒதுக்கித் திட்டம் எழுத வேண்டும். அப்படிச் செய்யாமல் ‘ஒன்றுமே வேண்டாம்’ என்று நிற்கும் ஊரின் பக்கம் என்னால் நிற்க முடியாது.

நம் ஊருக்கும் இந்தச் சட்டத்துக்கும் உறவு உண்டு. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டமும், பிறகு வந்த தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆங்கிலேய மரபில் எழுதப்பட்டவை. சொற்கள் வந்தன, ஊருக்கு ஊர் எழுதிவைத்த திட்டம் வரவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்து உத்தரவிட்டபோது தமிழ்நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. என் அம்மாவின் ஊரில் தீர்மானத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் நின்றபோது, எதற்கு முரணாக இந்த மனைப்பிரிவு இருக்கிறது என்று சுட்டிக்காட்ட எங்களிடம் ஒரு வரைபடம்கூட இல்லை.

மறுபடியும் எண்

ஹார்ட்டின் காவலுக்குக் காலக்கெடு உண்டு. ஒரு திட்டத்துக்கு ஐந்து வயது கடந்துவிட்டால், அதில் எழுதியிருக்கும் வீட்டு எண்ணிக்கை போய், மத்திய அரசின் வாய்ப்பாடு தரும் எண்ணே ஐந்தாண்டுக் கணக்கின் அளவுகோலாகும். ஹார்ட் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நிறைந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 டிசம்பரில், 15 லட்சம் வீடுகள் கட்டும் வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்திருந்த அரசு அந்த வாய்ப்பாட்டையே மாற்றியிருந்தது. மாவட்டத்தில் இப்போது இருக்கும் வீடுகளின் 0.8 சதவீதம் அடிப்படை எண். வருமானத்தை மிஞ்சி வீட்டு விலை எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப அது பெருகும். ஹார்ட் போன்ற விலைமிக்க மாவட்டத்துக்கு முந்தைய வாய்ப்பாடு தந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வந்திருக்கிறது.

அதே டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கை ஒன்று, கவுண்டி மன்றம், மாவட்ட மன்றம் என்று இரண்டு அடுக்காக இருக்கும் உள்ளாட்சியைக் கலைத்துப் பெரிய ஒற்றை மன்றங்களாக்கப் போவதாகச் சொல்கிறது. ஹாம்ப்ஷயரும் அதற்குள் வருகிறது. அடுத்த திட்டத்தின் ஆதார ஆவணங்கள் வெளியாகும்போது வின்ச்ஃபீல்டு மக்கள் அவற்றைப் பிரித்துப் படிக்கத்தான் போகிறார்கள். பதிலை எந்த மன்றத்தின் முகவரிக்கு அனுப்புவது என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.